ஹாம்பர்க்கில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது, என்ன பார்க்கலாம்?

6 ஏப்ரல் 2025, மாலை. கேள்வி: குன்னூரிலிருந்து, ஓய்வு பெற்ற டீச்சர்

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஜூன் மாதம் எங்கள் இருவரையும் சவுத்தாம்டனிலிருந்து கப்பலில் அழைத்துப் போகிறான். ஹாம்பர்க்கில் காலை எட்டு மணிக்குச் சேர்ந்து மாலை ஆறுக்குக் கிளம்புமாம். வரைபடத்தில் பார்த்தால் அந்த ஊருக்குப் பக்கத்தில் கடலே இல்லை. கப்பல்காரர்களே நடத்தும் பஸ் டூரில் போய்விட்டு வந்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு முழங்கால் வலி உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், இரவு 10.40

பஸ் டூர் வேண்டாம் டீச்சர். காரணம் அப்புறம் சொல்கிறேன். முதலில் கடல் விஷயம்.

கடல் இல்லைதான். எல்பே ஆறு குக்ஸ்ஹாஃபன் என்ற ஊர்ப் பக்கம் வடகடலில் விழுகிறது. அங்கிருந்து ஆற்றுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தால்தான் ஹாம்பர்க். எட்டு மணிக்குத் துறை சேர வேண்டிய கப்பல், விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஆற்றுக்குள் நுழைந்திருக்கும். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். எழுந்து, குளித்து, பஃபேயில் வரிசை கட்டி, வயிறு நிறைந்து வெளியே வந்தால் கப்பல் நின்றிருக்கும். விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஆற்றுத் துறைமுகத்துக்குக் கப்பலில் போவதே அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான். அலாரம் நாலேகாலுக்கு வையுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே அங்கே சூரியன் வந்துவிடும்.

7 ஏப்ரல், காலை

நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். நான் பயணியாகப் போனவன் இல்லை. கப்பல் பேக்கரியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன். கேட்டரிங் படித்துவிட்டு, கப்பல் வேலைக்கு வேண்டிய சி.டி.சி. என்ற சான்றிதழ் எடுத்துக் கப்பல் ஏறினேன். இப்போது கோத்தகிரியில் சொந்தமாக அடுப்பு வைத்து வர்க்கி போடுகிறேன்.

இரவு முழுக்க பன், குரோசான்ட் எல்லாம் போட்டு முடிக்கும்போது விடிய ஆரம்பிக்கும். கப்பல் முனையில் ஊழியர்களுக்கென்று ஒரு திறந்த தளம் உண்டு. மாவு ஒட்டிய கையோடு அங்கே போய் நிற்பேன். எல்பே ஆறு எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

7 ஏப்ரல், மதியம்

தளத்திலிருந்து என்ன தெரியும் என்று டீச்சர் கேட்டதற்கு:

முதலில் ஒன்றுமே தெரியாது. ஆற்று முகம் அவ்வளவு அகலம். சிவப்பும் பச்சையுமாக மிதவை விளக்குகள்தான் வழி காட்டும். இன்ஜின் சத்தம் குறைந்து, கப்பல் மெதுவாகப் போவது காலுக்கே தெரியும். சேற்று வாசனை வரும். அதுவரை உப்புக் காற்றில் இருந்த மூக்குக்கு அது சட்டென்று பிடிபடும்.

வெளிச்சம் வந்ததும் இரு பக்கமும் புல் முளைத்த மண் கரை தெரியும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. அதன் மேல் ஆடுகள் மேயும். செம்மறி. கப்பலின் மேல்தளம் எவ்வளவு உயரம் என்றால், ஆட்டின் முதுகைப் பார்ப்பது மட்டுமல்ல, கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டின் கூரையையும் மேலிருந்து பார்க்கலாம். புருன்ஸ்பியூட்டல் என்ற இடத்தில் இடது கையில் பெரிய மதகுக் கதவுகள் வரும். கீல் கால்வாய் அங்கேதான் எல்பேயில் சேர்கிறது. 1895-ல் திறந்தது. பால்டிக் கடலுக்குக் குறுக்கு வழி.

அப்புறம் வலது கரையில் ஆல்டெஸ் லாண்ட். ஆப்பிள் தோட்டங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஏப்ரல் கடைசி, மே முதலில் போனால் பூத்திருக்கும். உங்கள் ஜூனில் பூ இருக்காது. நம் ஊரில் பிளம்ஸ் மரத்தையும் பேரிக்காய் மரத்தையும் வெட்டிவிட்டு ரிசார்ட் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தத் தோட்டங்களைப் பார்க்க வயிற்றெரிச்சல்தான்.

7 ஏப்ரல், மதியம், இன்னும் கொஞ்சம்

விட்டுப்போனது. ஊர் நெருங்கும்போது இடது கரையில் பிளாங்கனேஸெ என்ற இடம் வரும். சரிவில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், நடுவில் எல்லாம் படிக்கட்டுகள். ஹாம்பர்க்காரர்கள் அதை மலை என்று பெருமையாகக் காட்டுவார்கள். உயரம் சுமார் 75 மீட்டர். தொட்டபெட்டா 2,637. நான் மரியாதையாகத் தலையாட்டினேன்.

அதற்கு எதிரே ஆற்றை ஒட்டி விமான ஓடுபாதை. ஏர்பஸ் ஃபாக்டரி. புது விமானங்கள் வரிசையாக நிற்கும்.

9 ஏப்ரல்

விசா பற்றி யாரும் பேசவில்லையே. சவுத்தாம்டனில் ஏறுவதால் இங்கிலாந்து விசா. ஹாம்பர்க்கில் இறங்குவதால், ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. இரண்டும் தனித்தனி. கப்பல் வேறு ஷெங்கன் துறைமுகங்களையும் தொட்டு, நடுவில் இங்கிலாந்துத் துறைமுகத்துக்குத் திரும்பினால் ஷெங்கனில் மல்டிபிள் என்ட்ரி வேண்டும். இங்கிலாந்து விசாவும் திரும்பி உள்ளே வர வசதியாக இருக்க வேண்டும். மகனிடம் கப்பலின் முழு வழித்தடத்தை வாங்கிக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள். ஒரு நாள்தானே, கப்பலிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசா இல்லாமல் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள்.

கடிகாரம்: ஜெர்மனி இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தி. கப்பல் கடிகாரத்தை மாற்றினார்களா இல்லையா என்று முந்தின இரவே கேளுங்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். திரும்பி வரும் நேரம் எப்போதும் கப்பல் கடிகாரப்படிதான்.

10 ஏப்ரல், இரவு

இப்போது பஸ் டூர். கண்ணாடி வழியே டவுன் ஹால், கண்ணாடி வழியே மைக்கேல் சர்ச், இருபது நிமிஷம் போட்டோ ஸ்டாப், மறுபடியும் பஸ். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கப்பலில் வேலை செய்ததால் அந்த டூர் கவுன்டர் நடப்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

அதற்குப் பதில்: லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்ற படகுத்துறைக்குப் போங்கள். அங்கே 62-ஆம் எண் ஃபெர்ரி. நம் டவுன் பஸ் போல அது அந்த ஊரின் பொதுப் போக்குவரத்து. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கும் ஒரு நாள் டிக்கெட்டே இதற்கும் செல்லும். ஃபின்கன்வெர்டர் வரை போய்த் திரும்பலாம். மேல் தட்டில் உட்கார்ந்தால் கன்டெய்னர் கிரேன்கள், உலர் துறையில் ஏற்றி வைத்த கப்பல்கள், மணல் கரையில் நாயோடு நடப்பவர்கள் எல்லாம் தெரியும். முழங்காலுக்கு வேலையே இல்லை.

அந்தப் படகுத்துறை முழுக்க மிதப்பது. கடல் அங்கிருந்து அவ்வளவு தூரம், ஆனாலும் கடல் ஏறும் ஓதத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் நடுவே மூன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. வற்றிய நேரத்தில் துறைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சரிந்திருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். தண்ணீர் ஏறிய நேரத்தில் கிட்டத்தட்ட சமதரை.

11 ஏப்ரல்

“அது கடல் துறைமுகம்தான், ஆறு என்பது பெயருக்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை சார். பெரிய கப்பல்களுக்காக அந்த ஆற்றைத் திரும்பத் திரும்ப ஆழப்படுத்தியிருக்கிறார்கள். அதனாலேயே ஓதம் முன்பைவிட அதிகமாக உள்ளே வருகிறது. தோண்டத் தோண்ட வண்டல் மறுபடி வந்து படிகிறது, அதைச் சலிக்காமல் அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பெயருக்கு மட்டும் ஆறு என்றால் இந்தப் பாடு எதற்கு?

1962 பிப்ரவரி 16 இரவு புயல் கடலை ஆற்றுக்குள் தள்ளியது. கரைகள் உடைந்து ஹாம்பர்க்கில் 315 பேர் செத்தார்கள். கடலைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில். செம்மறி மேயும் அந்த மண் கரைகளைச் சும்மா அழகுக்கு வைக்கவில்லை.

13 ஏப்ரல்

ஷ்பைஷர்ஷ்டாட். பெயரை வாயில் நுழைத்துப் பார்க்க வேண்டாம். சரக்குக் கிடங்குகளின் பேட்டை. சிவப்புச் செங்கல், ஆற்று மண்ணில் மரக் கம்பங்களை அடித்து அதன் மேல் எழுப்பியது. 1883-ல் வேலை தொடங்கி 1888-ல் முதல் பகுதியைப் பேரரசர் வந்து திறந்தார். அதற்காக அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரைக் காலி செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாதியைத் திரும்பக் கட்டினார்கள். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் மலை ரயில் சேர்ந்தது 2005-ல், நாம் பத்து வருஷம் சீனியர்.

ஒரு கிடங்கை நின்று பாருங்கள். ஒரு முகம் தெருவுக்கு, இன்னொரு முகம் கால்வாய்க்கு. கால்வாய்ப் பக்கம் ஒவ்வொரு மாடியிலும் இரட்டைக் கதவு, வெளியே திண்ணைகூடக் கிடையாது, திறந்தால் நேரே தண்ணீர். கூரை முகட்டில் பச்சை பாரித்த செம்புத் தொப்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் கப்பிச் சக்கரம். படகில் வந்த மூட்டையைக் கொக்கியில் மாட்டி எந்த மாடிக்கு வேண்டுமோ அந்த மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். காப்பி, தேயிலை, கொக்கோ, மிளகு, ஏலம், அப்புறம் கம்பளங்கள். தடித்த செங்கல் சுவர் உள்ளே ஒரே சீராகக் குளிர்ச்சியை வைத்திருக்கும்.

அங்கே ஒரு கிடங்கிலேயே சிறிய அருங்காட்சியகம் உண்டு. தேயிலை ருசி பார்ப்பவர்களின் வெள்ளைக் கிண்ணங்கள், துப்பும் பாத்திரம், மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் கூர்மையான குழாய். அப்பா தேயிலை ஃபாக்டரியில் டிரையர் பார்த்தவர். தூள் மூட்டை லாரியில் ஏறி குன்னூர் ஏலத்துக்குப் போவதோடு அவருக்குக் கதை முடிந்துவிடும். மிச்சக் கதையின் ஒரு துண்டை நான் இங்கே பார்த்தேன் என்று போனில் சொன்னேன். “என்ன விலைக்கு எடுக்கிறானுங்க?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

13 ஏப்ரல், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. அந்தக் கால்வாய்களுக்குள் சின்னப் படகில் கூட்டிப் போவார்கள், அதை விடாதீர்கள். ஆனால் எல்லா நேரமும் உள்ளே போக முடியாது. தண்ணீர் வற்றினால் படகு தரை தட்டும், ஏறினால் பாலத்துக்கு அடியில் நுழையாது. டிக்கெட் எடுக்கும் முன் “கிடங்குகளுக்குள் இப்போது போகுமா” என்று கேளுங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்தை மட்டும் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள்.

15 ஏப்ரல்

எல்ப்ஃபில்ஹார்மோனி பற்றிக் கேட்டவருக்கு: அலை மாதிரி கண்ணாடிக் கட்டடம், இசை அரங்கம், 2017 ஜனவரியில் திறந்தது. அதன் அடிப்பாகம் பழைய செங்கல் கிடங்கு. 1960-களில் கட்டியது, கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் கிடந்த இடம். முதலில் 77 மில்லியன் யூரோவில் முடியும் என்றார்கள், 800 மில்லியனைத் தாண்டியது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வேலைகளை இனி திட்டமாட்டேன். (திட்டுவேன்.)

உள்ளே வளைந்து ஏறும் எஸ்கலேட்டர் 82 மீட்டர் நீளம். ஏறும்போது அதன் முடிவு கண்ணுக்குத் தெரியாது. 37 மீட்டர் உயரத்தில் சுற்றிவர நடக்கும் மாடம். அங்கிருந்து பார்த்தால் நீங்கள் காலையில் வந்த ஆறு முழுசாகத் தெரியும். படி ஏற வேண்டியதில்லை டீச்சர்.

16 ஏப்ரல்

சாப்பாடு. அசைவமானால் துறையிலேயே மீன் பன். ஹெர்ரிங் மீன் நம் மத்தி வகையறா, வேகவைக்காமல் உப்பில் ஊறப்போட்டு, வெங்காயத்தோடு பன்னுக்குள் வாலை நீட்டிக்கொண்டு இருக்கும். வீட்டுக்காரருக்கு முதல் கடி கஷ்டம், மூன்றாவது கடியில் பிடித்துவிடும். கடல் காகம் கையிலிருந்தே பிடுங்கும், ஊட்டிக் குரங்கைச் சமாளித்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை.

சைவமானால் ஃப்ரான்ஸ்ப்ரோட்ஷன். வெண்ணெய் வைத்து மடித்த மாவு, உள்ளே பட்டைத்தூளும் சர்க்கரையும், நடுவில் அமுக்கிச் சுட்டது. அந்த ஊருக்கே உரியது. தொழில்காரனாகச் சொல்கிறேன், ஓரம் மொறுமொறு, நடு ஈரம், அதுதான் சரியான பதம். ஷிஃப்ட் முடிந்து பசியோடு போய் அதைத் தின்றுவிட்டு, அப்படியே நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்காரம்மா ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

20 ஏப்ரல்

கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி, “தாத்தா பாட்டி சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள், கப்பல் என்றாலே எங்கள் வீட்டில் வேறு நினைப்பு” என்று எழுதியிருக்கிறார். தம்பி, எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

தெரியாதவர்களுக்கு: 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இங்கே அனுப்பப்பட்டார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து ஆளாளுக்கு ஒரு திசை. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியதுதான் இப்போதைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள். பாட்டி சாகும் வரை ராமானுஜம் கப்பல் என்றுதான் சொல்வார். அந்தக் கப்பலில் மருந்து அடித்ததையும், பெட்டியைத் திறந்து கொட்டியதையும்.

ஹாம்பர்க்கில் ஃபெடல் என்ற பகுதியில் பாலின்ஷ்டாட் என்று ஒரு இடம். அமெரிக்காவுக்குக் குடிபெயரப் போனவர்கள் கப்பல் வரும் வரை தங்கிய கூடங்கள். 1901-ல் கப்பல் கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின் கட்டியது. 1892-ல் அந்த ஊரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். குடிபெயரப் போகிற வழியில் வந்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று அவர்கள் மேல் பழி விழுந்தது. அதன் பிறகு தனியே தங்கவைத்து, டாக்டர் பார்த்து, பெட்டி படுக்கைக்கு மருந்தடித்து, அப்புறம்தான் கப்பல். கூடங்களைத் திரும்ப எழுப்பி 2007-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வரிசையாகப் போட்ட கட்டில்கள் நடுவே நின்றபோது எனக்கு மண்டபம்தான் ஞாபகம் வந்தது. நான் மண்டபம் முகாமைப் பார்த்ததே இல்லை. பாட்டி சொன்னதைப் பார்த்தேன்.

ஒரு விஷயம்: அதே பாலின்தான், குளிர்காலத்தில் சும்மா நிற்கும் கப்பலை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, 1891-ல் பணக்காரர்களை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் அனுப்பினார். இப்போதைய குரூஸ் தொழிலுக்கு அதைத் தொடக்கம் என்பார்கள். கீழ்த்தளத்தில் ஏழைகள், மேல்தளத்தில் உல்லாசம், இரண்டுக்கும் ஒரே கம்பெனி. ஊழியர் நடைபாதையில் மாவு மூட்டை தள்ளிக்கொண்டு போனவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

டீச்சர், இது உங்கள் ஒரு நாளில் அடங்காது. தம்பிக்காக எழுதினேன்.

24 ஏப்ரல்

கடையில் கூட்டம், எழுத நேரமில்லை. கோடை சீசன். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸில், 2025 ஏப்ரல் முதல் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று ஹைகோர்ட் கணக்கு வைத்தது. அப்படியும் கட்டபெட்டு ரோட்டில் நகர முடியவில்லை.

27 ஏப்ரல்

மூன்று நாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. காலையில் வந்து, தொட்டபெட்டா, போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன் என்று ஓடிவிட்டு, ஒரு கவர் வர்க்கி வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிப் போகிறவர்களை நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்? கப்பலிலிருந்து பத்து மணி நேரத்துக்கு இறங்குகிறவர் அந்த ஊர்க்காரருக்கு வேறென்ன? சாப்பாடும் படுக்கையும் கப்பலில். ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் புகையும்.

இன்னொரு பக்கம், என் வயிற்றுப்பாடே அந்த ஒரு கவர் வர்க்கிதான். ஒரு நாள் மட்டும் வருகிறவரை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சருக்கும் ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது. என்ன செய்வது? கப்பலில் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பாமல் ஊரிலேயே சாப்பிடுங்கள். ஊர் ஃபெர்ரியில் ஊர் டிக்கெட் எடுங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

பஸ் டூரை ஒரேயடியாக வேண்டாம் என்றதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மழை கொட்டினால், முழங்கால் அன்றைக்கு ஒத்துழைக்காவிட்டால், ஏறிக்கொள்ளுங்கள். ஆறு மட்டும் பாக்கி இருக்கக் கூடாது.

28 ஏப்ரல்

ஒரு நண்பர் கேட்டது: மே 7-ஐ ஒட்டிய வார இறுதியில் துறைமுகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்களே, உண்மையா? உண்மை. 1189 மே 7-ல் பேரரசர் பார்பரோசா வரிவிலக்கு எழுதிக்கொடுத்தார் என்று ஒரு பத்திரம். அந்தப் பத்திரம் பின்னால் தயாரித்த போலி என்பது வரலாற்றுக்காரர்கள் முடிவு. ஊரே தெரிந்துகொண்டு பட்டாசு விடுகிறது. பட்டாவில் தேதி மாற்றிய கதை எந்த ஊரில்தான் இல்லை.

2 மே

டீச்சர் எழுதியிருக்கிறார்: விசா இரண்டும் கிடைத்துவிட்டன, கப்பல் நிற்பது ஆல்டோனா டெர்மினலில். நல்லதாகப் போயிற்று. ஷ்டைன்வெர்டர் என்றால் எதிர்க்கரையில் தொழிற்பேட்டைக்கு நடுவே, ஊருக்குள் வரவே வண்டி தேட வேண்டும். ஆல்டோனா ஆற்றுக்கு ஊர்ப் பக்கமே இருக்கிறது. கிட்டத்திலேயே 62 நிற்கும் துறை உண்டு, ஏறினால் லாண்டுங்ஸ்ப்ரூக்கன்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் அறைக்குப் போய்விடாதீர்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் வலது கரையில் வெடல் என்ற ஊர் வரும். அங்கே ஆற்றோரம் ஒரு நிலையம், போகிற வருகிற பெரிய கப்பல்களுக்கு 1952-லிருந்து ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போட்டுக் கொடியைத் தாழ்த்தி மரியாதை செய்கிறது. பகலில்தான் போடுவார்கள், காலையில் வரும்போது கிடைப்பது சந்தேகம், சாயங்காலம் கிடைக்கும். ஜன கண மனவை எதிர்பார்க்க வேண்டாம். கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக் கீதம். உல்லாசக் கப்பல்கள் பலவற்றை வரிக்காகப் பஹாமாஸ், மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்கிறார்கள். ஜெர்மன் ஆற்றில், ஆங்கிலேயப் பயணிகளுக்கு, கோவாக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் தட்டு கழுவும் கப்பலுக்கு, பஹாமாஸ் கீதம். நாங்கள் கீழே அட்டென்ஷனில் நின்று சிரிப்போம்.

2 மே, இரவு

மகனுக்கு வர்க்கி எடுத்துப்போகலாமா என்று கேட்டீர்கள். கவரில் வேண்டாம், சூட்கேஸில் நொறுங்கித் தூளாகிவிடும். தகர டின், அடியிலும் மேலும் காகிதம். கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லுங்கள், அன்று போட்டதைத் தருகிறேன். ஜெர்கின் கையோடு இருக்கட்டும், பெட்டிக்குள் வைக்காதீர்கள். விடியற்காலை மேல்தளத்தில் காற்று பலமாக இருக்கும்.